கையெழுத்துப் போட்டால் எல்லாச் சலுகையும் போய்விடுமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். விவாகரத்தாகிவிட்டது. எட்டு வயது மகன் பள்ளி நாட்களில் என்னோடும், வார இறுதிகளில் அப்பாவோடும் இருக்கிறான். ஒற்றைப்படை ஆண்டுகளில் அப்பாதான் அவனை வரிக் கணக்கில் காட்டலாம் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. 2025-க்கு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் 8332 படிவத்தில் என் கையெழுத்தைக் கேட்கிறார். போட்டால் எனக்கு எதுவுமே மிஞ்சாதா?

பதில்: மிஞ்சும். பயப்படாதீர்கள். ஆனால் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பார்த்துப் போடுங்கள்.

ஆண்டில் யாரிடம் பிள்ளை அதிக இரவுகள் தங்கியதோ, அவருக்கே பிள்ளையைக் கணக்கில் காட்டும் முதல் உரிமையை ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தருகிறது. இரவுகள் சரிபாதியானால் வருமானம் அதிகம் உள்ளவருக்கு. பள்ளி நாட்களில் மகன் உங்களோடு இருப்பதால், அந்த முதல் உரிமை உங்களுக்குத்தான். 2008-க்குப் பிந்தைய தீர்ப்பு என்றால், அதன் நகலை மட்டும் இணைத்து அவர் கணக்கு தாக்கல் செய்ய முடியாது. அதனால்தான் படிவம் கேட்கிறார்.

கையெழுத்தால் அவருக்குப் போவது சைல்டு டாக்ஸ் கிரெடிட், அதாவது பிள்ளைக்கான வரிச் சலுகை. 2025-க்கு அதிகபட்சம் 2,200 டாலர். 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு' (குடும்பத் தலைவர்) என்று கணக்கு காட்டும் தகுதி போகாது. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருந்தால், தனிநபருக்கான 15,750 டாலருக்குப் பதில் 23,625 டாலர் நிலையான கழிவு உங்களுக்கு உண்டு. வருமான வரம்புக்குள் இருந்தால், குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான ஏர்ன்டு இன்கம் கிரெடிட்டும், வேலைக்குப் போவதற்காகக் கட்டும் டே கேர் செலவுக்கான கிரெடிட்டும் உங்களுடையவையே. இவற்றை நீங்களே விரும்பினாலும் அவருக்கு மாற்றித் தர முடியாது. படிவம் கைக்கு வந்ததும் இவற்றையும் சேர்த்துக் கோருகிற அப்பாக்கள் உண்டு, அது செல்லாது.

படிவத்தின் முதல் பகுதி ஒரே ஓர் ஆண்டுக்கானது. அதை மட்டும் நிரப்புங்கள். இரண்டாம் பகுதியில் 'வருங்கால ஆண்டுகள் அனைத்தும்' என்று எழுதிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பின்னால் ரத்து செய்யலாம்தான், ஆனால் உடனே பலிக்காது: 2026-ல் அவருக்குத் தெரிவித்தால் 2027 கணக்கிலிருந்துதான் செல்லும்.

கோபத்தில் கையெழுத்தே போடாமல் இருந்துவிடாதீர்கள். ஐ.ஆர்.எஸ். உங்களைக் கட்டாயப்படுத்தாது, குடும்ப நீதிமன்றம் கோர்ட் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஜீவனாம்சப் பாக்கி இல்லாதிருந்தால்தான் அவருக்கு இந்த உரிமை என்று தீர்ப்பில் நிபந்தனை இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

உங்கள் கணக்கில் மகன் பெயரை விட்டுவிடாதீர்கள். அவன் உங்களோடு வசிப்பதையும், அவனை டிபெண்டென்ட் (உங்களைச் சார்ந்தவர்) என்று காட்டும் உரிமையை 2025-க்கு விட்டுக்கொடுத்ததையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.