இன்சூரன்ஸ் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனால்: கேள்வி பதில்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். புயலில் கூரை போனது. கம்பெனி பணம் தர மறுத்ததால் மாநில கோர்ட்டில் வழக்குப் போட்டோம். இப்போது அதை அவர்களே ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களைக் கேட்காமல் செய்யலாமா?

பதில்: செய்யலாம். நீங்கள் ஒரு மாநிலம், கம்பெனி வேறு மாநிலம், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்றால் ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி எந்த மாநிலத்தது என்பதற்கு அது பதிவான இடத்தையும் தலைமை அலுவலகத்தையும்தான் பார்ப்பார்கள். உங்கள் தெருமுனைக் கிளை கணக்கில் வராது. ஆனால் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் மாற்றியிருக்க வேண்டும். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். தாமதமாக மாற்றியிருந்தால், திருப்பி அனுப்பக் கோரும் மனுவை, அவர்கள் மாற்றியதிலிருந்து 30 நாளுக்குள் நீங்களும் போட வேண்டும். தவறவிட்டால் அந்தத் தாமதத்தைப் பிறகு கிளப்ப முடியாது. இன்றே வக்கீலிடம் பேசுங்கள்.

கேள்வி: அப்படியானால் டெக்சாஸ் சட்டம் எங்களுக்குப் பொருந்தாதா?

பதில்: பொருந்தும். 1938-இல் எரி ரயில்ரோடு எதிர் டாம்ப்கின்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்த வழி இது: நடைமுறை ஃபெடரல், உரிமையை முடிவு செய்வது மாநிலச் சட்டம். பாலிசியின் ஒரு வரிக்கு நியாயமான இரண்டு பொருள் இருந்தால், எழுதியது கம்பெனி என்பதால் உங்களுக்குச் சாதகமானதையே கோர்ட் எடுக்கும். மறுப்புக் கடிதம் எந்த வரியைக் காட்டுகிறது என்று பார்த்து, அதைப் பாலிசியில் தேடி நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது அரசின் தேசிய வெள்ள இன்சூரன்ஸ். மறுப்புக் கடிதம் வந்து பத்து மாதம் ஆகிறது. மேல்முறையீட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

பதில்: தயவுசெய்து காத்திருக்காதீர்கள். எழுத்துமூலம் மறுத்த நாளிலிருந்து ஒரே வருடம்தான். இந்த இன்சூரன்ஸை நடத்தும் ஃபெடரல் அமைப்பான ஃபீமாவிடம் மேல்முறையீடு செய்வதால் அந்தக் கெடு நீளாது. வீடு இருக்கும் பகுதியின் ஃபெடரல் கோர்ட்டில்தான் வழக்குப் போட வேண்டும். மாநிலச் சட்டம் தரும் நீண்ட கெடுவை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

கேள்வி: ஆபீஸ் வழியாக எடுத்த ஊனமுற்றோர் பாலிசி. ஜூரி முன் வாதாடலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. தனியார் வேலை என்றால், ஆபீஸ் வழியாக வரும் சலுகைகளுக்கான ஃபெடரல் சட்டமான எரிசா குறுக்கே வரும். தண்டனை நஷ்டஈடும் கிடையாது. இது உழைப்பவர்களுக்கு அநீதி என்றே நினைக்கிறேன். மறுப்பு வந்தால், கம்பெனியிடமே மேல்முறையீடு செய்ய உங்களுக்கு அதிலிருந்து 180 நாள் உண்டு. டாக்டர் கடிதம், ஸ்கேன், வேலை விவரம் எல்லாவற்றையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். பல கோர்ட்டுகள் அந்தக் கோப்பில் இருப்பதை மட்டுமே பார்க்கும்.