டெக்னிக்கல் ரைட்டிங்கைப் பட்டமாகவே படிக்க வேண்டுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகள் 11-ஆம் கிரேடு. கம்ப்யூட்டரும் பிடிக்கும், எழுதவும் பிடிக்கும். டெக்னிக்கல் ரைட்டிங் பட்டத்தில் சேர்க்கலாமா?

பதில்: மென்பொருள், இயந்திரம் போன்றவற்றைப் பயன்படுத்தும் முறையைப் புரியும்படி எழுதித் தருவதுதான் டெக்னிக்கல் ரைட்டிங். நல்ல துறை, தாராளமாகப் போகலாம். ஆனால் அதே பெயரில் இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். புரியாத பொருளைப் பற்றித் தெளிவாக எழுத யாராலும் முடியாது. அதனால் கணினி அறிவியலோ தகவல் அமைப்போ முதன்மைப் பாடமாகவும், மொழியியலோ தொடர்பியலோ இரண்டாவதாகவும் இருந்தால் அடித்தளம் பலமாக இருக்கும்.

முதலில் அவள் எடுத்திருப்பது மேத்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா என்று பாருங்கள். லிட்டரசி என்றால் கணினி அறிவியல், பொறியியல் கதவுகள் பெரும்பாலும் மூடிவிடும். நாள் தள்ளத் தள்ள மாறுவதும் கடினம். இந்த வாரமே பள்ளியில் பேசுங்கள்.

மூன்றாண்டுப் பட்டம் என்பது குறைந்தது 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 16 கிரெடிட் பாடம் ஒன்றுக்கே 160 மணி நேரம். குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ரண்டுக்குள் இருந்தால், அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் முதல் பட்டத்துக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்குத் தகுதிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சாக்கா (SAQA) கொடுத்த பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். சில வாரச் சான்றிதழைப் பட்டம்போலப் பேசி விற்பவர்கள் உண்டு.

வேலைக்கு எடுப்பவர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது அவள் எழுதிய ஆவணங்களைத்தான். இரண்டாம் ஆண்டிலிருந்தே மூன்றைத் தயார் செய்யட்டும்: ஒரு மென்பொருளை நிறுவும் வழிமுறை, ஒரு ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) குறிப்பு, ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் எளிய வடிவம். மூன்றாவதற்கு இங்கே சட்டமே துணை: 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 22-ஆம் பிரிவு, எளிய மொழியைக் கட்டாயமாக்குகிறது.

வழிமுறை எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே படியில் இரண்டு வேலைகளைத் திணிப்பார்கள். படிப்பவர் இரண்டாவதை விட்டுவிடுவார். "மின்சாரத்தைத் துண்டிக்கவும்" என்பதை மூடியைக் கழற்றும் படிக்குப் பிறகு வைப்பார்கள். அதற்குள் கை உள்ளே போயிருக்கும். திரையில் ஒரு பெயர், ஆவணத்தில் வேறு பெயர். எந்தப் பதிப்புக்கு எழுதியது என்ற குறிப்பே இருக்காது. விமானத் துறையின் எளிய ஆங்கில விதிப்படி வழிமுறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐ. இதைப் பழகினாலே பாதிக் குழப்பம் தீரும். எழுதியதை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, மகளை வாயே திறக்காமல் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

கருவிகளில், எளிய குறிகளால் ஆவணத்தை வடிவமைக்கும் மார்க்டவுனும் (Markdown), மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளும் முதலில் போதும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் டிடா (DITA) என்ற ஆவண வடிவமைப்பு முறையில் கருத்து, செயல், குறிப்பு என்று தலைப்புகளைப் பிரித்து எழுதுவார்கள். அந்தப் பிரிப்பைப் புரிந்துகொண்டால் மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஜூலு மொழி தெரியாத இளநிலை மாணவர்கள் அதை ஒரு பாடமாகப் படிக்க வேண்டியிருக்கும். 2014-இல் வந்த விதி. பாரமாக நினைக்க வேண்டாம். டர்பன் ஆலைகளில் இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் நிறையப் பேருக்குத் தாய்மொழி அதுதான். பாதுகாப்பு அறிவிப்பு அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஜூலு கைகொடுக்கும்.