பழைய பாய்மரப் படகு ஹரிக்கேனைத் தாங்குமா?

கேள்வி: 1974-இல் கட்டிய 30 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. "அந்தக் காலத்துப் படகு, ஹல் (படகின் உடல்) நல்ல கனம். எத்தனையோ ஹரிக்கேனைப் பார்த்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் விற்பவர். நான் படகை நிறுத்தப்போவது ஹரிக்கேன் அடிக்கடி வரும் கரையில். நம்பி வாங்கலாமா?

பதில்: கனம் என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1950-களின் கடைசியிலும் 60-களிலும் ஃபைபர்கிளாஸ் புதிய பொருள். எவ்வளவு கனம் போதும் என்பது கட்டியவர்களுக்கே உறுதியாகத் தெரியாததால் தாராளமாகப் போட்டார்கள். 1959-இல் வந்த பியர்சன் ட்ரைட்டன் வகைப் படகுகள் பல இன்னும் கடலில் ஓடுகின்றன. 1973 எண்ணெய் நெருக்கடியில், ஃபைபர்கிளாஸைப் பிடித்து இறுக்கும் பசையான ரெசினின் விலை ஏறியதும் பல பட்டறைகள் சிக்கனம் பார்க்க ஆரம்பித்தன. நீங்கள் பார்த்திருக்கும் படகு சரியாக அந்தத் திருப்பத்தில் பிறந்தது. அதனால் ஆண்டை மட்டும் வைத்துக் கனத்தை முடிவு செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. ஹரிக்கேனில் நங்கூரத்திலோ படகுத்துறை மேடையிலோ நிற்கும் படகு, ஹல் காற்றைத் தாங்காமல் அழிவது அபூர்வம். கட்டிய இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய்ப் பாறையிலோ, கரையிலோ, பக்கத்துப் படகிலோ மோதித்தான் அழிகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முதல் வகை ஹரிக்கேன் மணிக்கு 119 கிலோமீட்டரில் தொடங்குகிறது, ஐந்தாம் வகை 252-இல். இதோடு கடலும் பொங்கி ஏறும். 2005-இல் கத்ரீனா வந்தபோது மிசிசிப்பி கரையில் தண்ணீர் 8 மீட்டருக்கும் மேல் ஏறியது. அவ்வளவு உயர்ந்தால் மேடையின் தூண்களையே தாண்டிப் படகு மேலே போய்விடும். அதற்கு முன் கயிறு அறுந்தாக வேண்டும், அல்லது கிளீட் (கயிற்றைக் கட்டும் கொம்பு) பிடுங்கிக்கொண்டாக வேண்டும்.

ஆகவே முதலில் கிளீட்டுகளைப் பாருங்கள். உள்ளே போய் டெக்கின் (மேல்தளத்தின்) அடிப்பக்கம் டார்ச் அடித்தால் போல்ட்டுகள் தெரியும். அகலமான உலோகத் தகடு தாங்கிக்கொண்டிருக்கிறதா, வெறும் வாஷர்தானா? பழைய படகுகள் பலவற்றில் வாஷர்தான். டெக்கின் நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியிருந்தால், போல்ட் ஓட்டை வழியே ஐம்பது வருடமாகக் கசிந்த தண்ணீர் அந்த மரத்தை உளுக்க வைத்திருக்கலாம். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். மிதிக்கும்போது டெக் லேசாக அமுங்கினாலும் அதே கதைதான்.

அடுத்தது செயின்பிளேட், அதாவது பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் வந்து சேரும் எஃகுப் பட்டை. இதுதான் என்னை எப்போதும் கவலைப்பட வைப்பது. ஒரு படகில் இதைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். டெக்குக்கு மேலே தெரிந்த பகுதி கண்ணாடி மாதிரி பளபளத்தது. டெக்குக்குள் ஒளிந்திருந்த இரண்டு அங்குலம் பழுப்பேறி, பூச்சி அரித்ததுபோல் குழி குழியாக, குறுக்கே முடியளவு விரிசலோடு வந்தது. ஸ்டெயின்லெஸ் எஃகுக்குக் காற்றுப் பட வேண்டும். ஈரத்தில் மூச்சில்லாமல் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். விற்பவர் ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். உள்ளே அதன் கீழே பழுப்புக் கறை வழிந்திருந்தால் பதில் பாதி கிடைத்துவிட்டது.

"எத்தனையோ ஹரிக்கேன்" என்றாரே, அப்போதெல்லாம் படகு தண்ணீரில் இருந்ததா, கரையில் ஏற்றி வைத்திருந்தாரா, புயல் எவ்வளவு தூரத்தில் போனது என்றும் கேட்டுப் பாருங்கள். 2017-இல் இர்மா வந்தபோது கரீபியன் கடலில் உள்ள டார்ட்டோலா தீவின் பரகீட்டா விரிகுடாவில், பாதுகாப்பான இடம் என்று கொண்டுவந்து கட்டிய படகுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அவற்றில் புதியவையும் நிறைய.

கேள்வி: கயிறு புதிதாகத் தடிமனாக வாங்கிவிட்டால் போதாதா?

பதில்: புதுக் கயிறு அவசியம், ஆனால் போதாது. நைலான் நன்றாக இழுபடும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் மணிக்கணக்கில் இழுபட்டுத் தளர்ந்துகொண்டே இருந்தால் இழைகள் ஒன்றோடொன்று உரசி உள்ளே சூடேறும். படகின் ஓரத்தில் உராயும் இடத்தில் ரப்பர் குழாய் மாட்டியிருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போய்க் குளிரவைக்க முடியாமல் உருகியே அறுபடும். உராயும் பகுதிக்கு அதிகம் இழுபடாத பாலியெஸ்டர், மற்ற நீளத்துக்கு நைலான் என்று கட்டுவது நல்லது. தண்ணீர் ஊடுருவும் துணி உறை மாட்டுங்கள். பாய்களைச் சுருட்டி விட்டுவிடாமல் முழுக்கக் கழற்றி இறக்கிவிடுங்கள். சுருட்டிய முன்பாய் காற்றில் அவிழ்ந்தால் படகையே இழுத்துக்கொண்டு போகும்.

கரையில் ஏற்ற முடிந்தால் அதுதான் பெரும்பாலும் மேல். வெறும் ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒன்று சாய்ந்து வரிசையே சாயும். தரையில் பதித்த நங்கூரத்தோடு பட்டை போட்டு இறுக்க வேண்டும், முடிந்தால் பாய்மரத்தையும் இறக்கிவிட வேண்டும்.

கேள்வி: இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இவ்வளவு பழைய படகுக்கு, படகைச் சோதிக்கும் சர்வேயரின் அறிக்கை கேட்பார்கள். சில நிறுவனங்கள் மூன்றாம் நபருக்கான காப்பு மட்டும் தரும். பெயரிட்ட புயலுக்கு நீங்கள் ஏற்க வேண்டிய தொகை தனி, அது வழக்கமாகக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதமாக இருக்கும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான புயல் பருவத்தில் படகு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் படியுங்கள். இழப்பு வந்தால் ஒப்புக்கொண்ட மதிப்பா, தேய்மானம் கழித்த மதிப்பா என்பதில்தான் பெரிய வித்தியாசம். பழைய படகில் தேய்மானம் கழித்தால் கையில் வருவது சொற்பம்.

கேள்வி: புயலில் அடிபட்ட படகைச் சரிசெய்து விற்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். அமெரிக்காவில் 1972 நவம்பர் முதல் கட்டிய படகுகளின் பின்பக்கம், வலப்புறம் அடையாள எண் இருக்க வேண்டும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ விலகிவிடுங்கள். கீலின் (படகின் அடியில் நீட்டியிருக்கும் கனமான துடுப்புப் பகுதியின்) முன்முனையில் ஹல்லோடு சேரும் இடத்தில் பிளவு தெரிகிறதா, உள் தடுப்புச் சுவர்கள் ஹல்லிலிருந்து விலகியிருக்கின்றனவா, ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட்டா என்று பாருங்கள்.

கேள்வி: புயலின்போது படகிலேயே தங்கிக் கயிறுகளைக் கவனித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், எக்காரணம் கொண்டும் வேண்டாம். அந்தக் காற்றில் டெக்கில் நிற்கவே முடியாது, நின்றாலும் ஒரு கயிற்றைக்கூட மாற்றிக் கட்ட முடியாது. கயிறுகளை இரட்டையாகக் கட்டி, காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் பள்ளம்) வடிகால் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்து, படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்புக்கு பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துவிட்டு, முந்தின நாளே இறங்கிப் போய்விடுங்கள்.