பேடில்போர்டிங் செல்ல எந்த உடை அணிய வேண்டும், எந்தத் துணைப்பொருள்களை வாங்க வேண்டும்?

முதன்முறையாக ஏரியில் பேடில்போர்டிங் செல்ல வழக்கமான டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போதுமா, லைஃப் ஜாக்கெட் அணிந்தே ஆக வேண்டுமா, துணைப்பொருள்களில் எதைச் சொந்தமாக வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பலகையின் மேல் நின்று துடுப்பு வலிக்கும்போது எது வசதியாக இருக்கும் என்று பார்த்து உடை எடுப்பவர்களே அதிகம். ஆனால் தொடக்கத்தில் எவரும் பலமுறை விழத்தான் செய்வார்கள். ஆகவே தண்ணீருக்குள் மிதக்கும்போதும், அங்கிருந்து பலகையின் விளிம்பைப் பிடித்து மறுபடி மேலே ஏறும்போதும் அந்த உடை உங்களுக்கு உதவுமா, இடைஞ்சலாக இருக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படிப் பார்த்தால், வெயிலை வைத்து உடையைத் தீர்மானிப்பது தவறு என்பது உடனே விளங்கும். தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்டறிந்த பிறகே தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மலைப்பகுதி ஏரிகளிலும் பனி உருகி வரும் ஆறுகளிலும், மேலே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருப்பது சாதாரணம். 15 டிகிரிக்கும் குறைவான நீரில் திடீரென்று விழுந்தால், நம் கட்டுப்பாட்டை மீறி மூச்சு ஒரே இழுப்பாக உள்ளே போகும். தலை நீருக்குள் இருக்கும் நொடியில் அது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் மிகக் குளிர்ந்த நீருக்காக 1-10-1 என்றொரு கணக்கைப் பரவலாக்கினார். மூச்சை நிலைப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் நாம் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் மட்டும், உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம் என்பதே அந்தக் கணக்கு. நன்றாக நீந்தத் தெரியும் என்ற தைரியம் அந்த 10 நிமிடங்களுக்குப் பிறகு அவ்வளவாகக் கைகொடுக்காது.

தண்ணீர் குளிர்ந்திருந்தால் வெட்சூட் என்னும், உடலை ஒட்டிய ரப்பர் உடை தேவைப்படும். அதன் நியோப்ரீன் ரப்பருக்குள், உடல் சூடு எளிதில் வெளியேறாதபடி நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருக்கின்றன. உடலுக்கும் உடைக்கும் இடையே புகும் கொஞ்சம் தண்ணீரும் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். இது உடலோடு ஒட்டியிருந்தால்தான் பலன் உண்டு. இடுப்பிலோ முதுகிலோ தொளதொளவென்று இருந்தால், ஒவ்வொரு அசைவுக்கும் வெதுவெதுப்பான நீர் வெளியேறிப் புதுக் குளிர்நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கை முழுவதும் மூடிய தடித்த வெட்சூட், துடுப்பு வலிக்கும் தோள்களை ஒரு மணி நேரத்துக்குள் சோர்வாக்கிவிடும் என்பதால், கால் முழுவதும் மூடி, கை இல்லாமல் 3 மில்லிமீட்டர் தடிமனில் வரும் வகையையே பேடில்போர்டு காரர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். காற்றடித்தால் மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு மேல்சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இன்னும் குளிர்ந்த நீருக்கு டிரைசூட் உண்டு. அது தண்ணீரை உள்ளே விடாதே தவிர, அதன் துணி பெரும்பாலும் மெல்லியதுதான். உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ அணிந்தால்தான் சூடு நிற்கும். முதன்முறை செல்பவர் டிரைசூட் அணிந்தாக வேண்டிய அளவுக்குத் தண்ணீர் குளிர்ந்திருந்தால், பயணத்தை வேறொரு பருவத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது என்பேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் உங்கள் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போதும், ஆனால் பருத்தியில் வேண்டாம். நனைந்த பருத்தி கனக்கும், விரைவில் காயாது, அக்குளிலும் தொடையிடுக்கிலும் உராய்ந்து தோலைச் சிவக்க வைக்கும். வெயிலையும் அது பெரிதாகத் தடுப்பதில்லை. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை நனைந்தால் புறஊதாக் கதிர்களை முன்னைவிடக் கூடுதலாக உள்ளே விடும். பாலியஸ்டர் அல்லது நைலானில் நெய்த, முழுக்கை கொண்ட ராஷ் கார்டு என்னும் நீர் விளையாட்டுச் சட்டை இதற்கென்றே வருகிறது. அதில் யு.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால், அக்கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே துணியைத் தாண்டும் என்று பொருள். கீழே லெக்கிங்ஸோ, நீச்சலுக்கான அரைக்கால் சட்டையோ எதுவானாலும் சரி; உலோகப் பொத்தானும் பின்புற ஜிப்பும் மட்டும் வேண்டாம், உட்கார்ந்து எழும்போது அவை பலகையின் மேல்விரிப்பைக் கீறிவிடும். நிறத்தில் ஆரஞ்சு, மஞ்சள் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள். கருநீல உடையில் நீருக்குள் தலை மட்டும் தெரியும் ஒருவரை மோட்டார் படகு ஓட்டுபவர் தொலைவிலிருந்து கண்டுகொள்வது கடினம்.

லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அணிய வேண்டும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008-இலேயே, அலைச்சறுக்கு மற்றும் குளியல் பகுதிகளுக்கு வெளியே செல்லும் பேடில்போர்டைப் படகாகவே வகைப்படுத்தி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் பலகையில் இருக்க வேண்டும் என்றாக்கியது. விதி இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பலகையின் முன்பக்கக் கயிற்றில் செருகிவைத்த ஜாக்கெட் நீங்கள் விழும்போது உங்களுடன் வராது என்பது எங்கும் மாறாது. துடுப்பு விளையாட்டுகளுக்கு விற்கப்படும் 50 நியூட்டன் வகை, அதாவது சுமார் 5 கிலோ மிதப்பு விசை தருவது, கை வீச்சுக்கு இடம் விட்டு வெட்டப்பட்டிருக்கும். நீந்தத் தெரிந்தவருக்கு அது போதும். ஆனால் மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் என்று அதை நம்பக் கூடாது. இடுப்பில் கட்டும் பை வடிவ வகையையும் பார்த்திருப்பீர்கள். அதில் கைப்பிடியை இழுத்ததும் கார்பன் டை ஆக்சைடு நிரம்பி மிதவை விரியும், பிறகு அதை நீங்களே தலைவழியாக மாட்டிக்கொள்ள வேண்டும். பதற்றத்தில் இந்த இரண்டு வேலைகளையும் செய்ய முடியும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு அது வசதியானது. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பலகையோடு உங்களைப் பிணைக்கும் லீஷ் கயிறு ஜாக்கெட்டுக்கு இணையாக முக்கியமானது. வீசும் காற்றில் அகப்பட்ட வெறும் பலகை, மனிதன் நீந்தும் வேகத்தைவிட விரைவாக விலகிப் போய்விடும். அசைவற்ற ஏரி நீருக்குச் சுருள் வடிவ லீஷ் ஏற்றது. அது பலகையின் மேலேயே சுருண்டு கிடக்கும், நீரில் இழுபடாது. அலையடிக்கும் கடலுக்கு நேரான லீஷ். ஓடும் ஆற்றில் மட்டும் கணுக்காலில் எதையும் கட்டவே கூடாது. கயிறு கிளையிலோ பாறையிலோ சிக்கினால், பலகையை ஒரு பக்கமும் உங்களை மறுபக்கமும் நீரோட்டம் இழுத்துப் பிடிக்கும். அந்த விசைக்கு எதிராகக் குனிந்து கணுக்கால் பட்டையை எட்ட இயலாது. ஆற்றுக்கு உரியது இடுப்புப் பட்டையில் இணைந்து, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் வகைதான். அதன் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பிடித்து இழுத்துப் பழகிய பிறகே நீரில் இறங்க வேண்டும். எந்த லீஷானாலும் அதன் வெல்க்ரோ பட்டையை விரித்துப் பாருங்கள். கொக்கி இழைகளுக்குள் மணல் அடைந்திருந்தால், கையால் இழுக்கும்போது ஒட்டியிருப்பதுபோல் தோன்றி, விழும்போது பிரிந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாலே சுத்தமாகிவிடும்.

மற்றவை எளியவை. தொப்பிக்குத் தாடைப் பட்டை வேண்டும். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியால் வரும் கண்கூச்சத்தைப் போலரைஸ்டு கண்ணாடி வெகுவாகக் குறைக்கும், மிதக்கும் பட்டை கட்டாவிட்டால் அதன் விலை முழுவதும் ஏரியின் அடிக்குப் போகும். கரையில் கல்லோ கிளிஞ்சலோ இருந்தால் மெல்லிய அடிப்பாகம் கொண்ட நியோப்ரீன் காலணி, இல்லாவிட்டால் வெறுங்கால். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்லுங்கள், குளிர்நீரில் விரல் சற்றே சுருங்குவதால் அது நழுவிவிடலாம். சன்ஸ்கிரீனைப் பூசியபின் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளாவிட்டால் துடுப்பு வழுக்கும்.

கைபேசியையும் விசிலையும் பலகையில் கட்டாமல் உங்கள் உடலோடு வைத்திருங்கள், பலகையை இழந்த நேரத்தில்தான் அவை தேவைப்படும். மாற்றுத்துணிக்கு டிரை பேக் என்னும், தண்ணீர் புகாத பை ஒன்று போதும். அதன் வாயை மூன்று முறையாவது சுருட்டிக் கொக்கியை மாட்டி, கரையோரத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். சுருட்டிய இடத்திலிருந்து குமிழ்கள் வரிசையாகக் கிளம்பினால் அவிழ்த்து மறுபடி சுருட்ட வேண்டும்.

சொந்தமாக வாங்குவதென்றால் முதலில் ராஷ் கார்டையும், உங்கள் அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டையும் வாங்குவேன். பலகையையும் துடுப்பையும் லீஷையும் வாடகைக்கே எடுக்கலாம். ஜாக்கெட்டையும் வாடகைக்கு எடுத்தால், எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் தோள்பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கும்படி உடனிருப்பவரிடம் சொல்லுங்கள். அது காது வரை ஏறினால், அடுத்த சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.