பால் அலர்ஜி, ஓ.ஐ.டி., மலைப்பாதை: வாசகர் கேள்விகள்

பசும்பால் ஒத்துக்கொள்ளாத 3 வயது மகளுக்கு ஆட்டுப்பாலோ தோடர் எருமைப்பாலோ கொடுக்கலாமா? (கோத்தகிரி)

கூடாது. மூன்றின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பசும்பால் அலர்ஜியுள்ள பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. பாட்டிலில் ‘ஏ2’ (பால் புரதத்தில் ஒரு வகை) என்று ஒட்டியிருந்தாலும் கதை அதேதான்.

பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது. தடிப்போ வாந்தியோ இளைப்போ கிடையாது; தயிர் ஒத்துக்கொள்கிறது. பையனுக்கு ஓ.ஐ.டி. தேவையா? (லவ்டேல்)

லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை செரிக்காத தொல்லை போலிருக்கிறது. ஓ.ஐ.டி. என்பது பால் புரத அலர்ஜிக்கு, அந்தப் பாலையே துளித்துளியாகக் கொடுத்து, அளவை ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சை. லாக்டோஸ் தொல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீடியோ பார்த்து வீட்டிலேயே தினம் ஒரு ஸ்பூன் பால் கொடுத்தோம். நான்காம் நாள் முகம் வீங்கிவிட்டது. மறுபடி எத்தனை ஸ்பூனில் தொடங்கலாம்? (கூடலூர்)

ஒரு ஸ்பூனும் வேண்டாம். வயது எழுதவில்லை, எடை எழுதவில்லை, எந்த ஸ்பூன் என்றுகூட எழுதவில்லை. 5 மில்லி ஸ்பூன் என்றால் அதில் 150 மில்லிகிராமுக்கு மேல் புரதம். நாங்கள் தொடங்குவதோ தண்ணீர் கலந்த சொட்டுகளில். ஒவ்வொரு முறை அளவை ஏற்றும்போதும் பிள்ளை மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அங்கே தாங்கிய அளவை மட்டும்தான் வீட்டில் தொடர வேண்டும். வீட்டில் அளவை ஏற்றாதீர்கள்.

ஓ.ஐ.டி.யில் மகள் 60 மில்லி பால் வரை வந்துவிட்டாள். டோஸ் குடித்த அரை மணியில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம். பர்லியாறு தாண்டுவதற்குள் வாந்தி. பாலாலா, வளைவாலா? (குன்னூர்)

எனக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்கும் தெரியாது. அதனால்தான் டோஸுக்குப் பின் 2 மணி நேரம் பயணம் வேண்டாம் என்கிறேன். ஓட்டமும் வேண்டாம். பாலைக் குடித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் இருக்கும் பள்ளிக்கு ஏறுவதும் ஓட்டம்தான். மாலையில் வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள். கொடுத்த கையோடு தூங்க வைக்காதீர்கள். காய்ச்சல், இளைப்பு இருக்கும் நாளில் மருத்துவரைக் கேட்காமல் டோஸ் கொடுக்கவே கூடாது.

டோஸுக்குப் பின் உடம்பெல்லாம் தடித்து மூச்சு இளைத்தது. பக்கத்தில் காட்டினோம். அவிலும் ஸ்டீராய்டும் போட்டு, வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சரிதானா? (கொடைக்கானல்)

சரியில்லை. இதை எத்தனை முறைதான் எழுதுவது! தடிப்போடு இளைப்பும் சேர்ந்தால் அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. முதல் மருந்து அட்ரினலின், அதுவும் தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில் அரிப்பை அடக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது, இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றாது. ஸ்டீராய்டு வேலையைத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். ‘சின்னப் பிள்ளை, நெஞ்சு படபடக்கும்’ என்று அட்ரினலினை அலமாரியிலேயே பூட்டி வைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. படபடக்கும்தான், கை நடுங்கும்தான்; கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம்; மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் அது 0.2 மில்லி. ஆம்பூல் விலை ஒரு டிபன் காசுகூட ஆகாது. ஒருமுறை என்னிடம் ஒரு பையனை மூன்று மணி நேரம் காரில் கொண்டுவந்தார்கள். மருந்துச் சீட்டில் மூன்று ஊசிகளின் பெயர் இருந்தது. அட்ரினலின் மட்டும் இல்லை. பையன் பிழைத்தது அவன் அதிர்ஷ்டம்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு 50 கிலோமீட்டருக்கு மேல். மழையில் ஒரு மரம் சாய்ந்தால் அந்த வழியும் கிடையாது. ஆகவே மலையில் இருப்பவர்கள் மருத்துவர் அளந்து தந்த அட்ரினலின் ஊசியும், அதைப் போடத் தெரிந்த இரண்டு பேரும் வீட்டில் இல்லாமல் ஓ.ஐ.டி. தொடங்கவே வேண்டாம். ஊசி போட்டதும் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். இளைத்தால் உட்காரட்டும், நடக்க விடாதீர்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி.

அந்த ஊசியைக் காரிலேயே வைத்திருக்கலாமா? (ஊட்டி)

வேண்டாம். ஜனவரி உறைபனியில் வெளியே நிற்கும் கார் அதற்கு இடமில்லை. ஃப்ரீசரும் கூடாது. வெளிச்சம் படாத டப்பாவில், பிள்ளை போகும் இடமெல்லாம் கூடவே போகட்டும்.

வர்க்கி சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நன்றாகக் காய்ச்சிய பாலும் கொடுக்கலாம்தானே? (குன்னூர்)

என்ன அவசரம்! வர்க்கியில் பால் புரதம் எவ்வளவு இருந்தது, இருந்ததா என்பதே தெரியாது. மைதாவோடு பிசைந்து 180 டிகிரியில் அரை மணி பேக் செய்த பாலை, இந்த அலர்ஜியுள்ள நான்கில் மூன்று பிள்ளைகள் தாங்குவார்கள். அடுப்பில் காய்ச்சிய பால் வேறு. நம் ஊட்டி உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 92 டிகிரியில் கொதித்துவிடும். பாலின் முக்கியப் புரதமான கேசின் அதற்கெல்லாம் அசையாது.

200 மில்லி குடிக்கிறான். குணமாகிவிட்டது என்று 10 நாள் சுற்றுலாவில் நிறுத்தலாமா? (பண்ணைக்காடு)

தினமும் குடிப்பதால்தான் தாங்குகிறான். அதற்குப் பெயர் குணமல்ல. நிறுத்தினால் தாங்கும் சக்தி இறங்கிவிடலாம். சில நாள் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்காதீர்கள். மருத்துவர் குறைத்துச் சொல்வார். இங்கும் அதேதான்: வீட்டில் அளவை ஏற்றாதீர்கள்.

பழனி பஞ்சாமிர்தம் கொடுக்கலாமா? (தாண்டிக்குடி)

அதில் நெய் உண்டு. நெய்யில் பால் புரதம் துளி ஒட்டியிருக்கும். உங்கள் பிள்ளைக்கு நெய் ஒத்துக்கொள்கிறதா? அதை எழுதாமல் அஞ்சலட்டையில் ஒரே வரி அனுப்பினால் நான் என்ன சொல்ல?