கால் இஞ்சி ரச்சட் எதுக்கு? கேட்ட ஆக்களுக்கு என்ர பதில்

இந்தமுறை வந்த கேள்வியளில கனக்க ரச்சட்டைப் பற்றித்தான் (சொக்கட்டைக் கொழுவி நட்டு, போல்ட்டைச் சுத்துற, தலைக்குள்ள பல்லுச் சில்லு உள்ள கைபிடி), அதிலயும் சின்ன ரச்சட். கால் இஞ்சி (1/4 அங்குலம்), மூண்டு நூல் (3/8 அங்குலம்), அரை இஞ்சி எண்டு சொல்லுறது சொக்கட் கொழுவுற சதுரக் கட்டையின்ர அளவைத்தான், நட்டின்ர அளவை இல்லை, இதை முதலே சொல்லிப்போட்டன் ஏனெண்டா ரெண்டு பேர் அதைக் குழப்பிக் கேட்டிருந்தவை. நான் கிளிநொச்சிப் பக்கம் 20 வருசத்துக்கு மேல ஓட்டோ, மோட்டச்சைக்கிள், லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்), தண்ணிப் பம் எல்லாம் கழட்டிப் பூட்டுறன், கையில பட்டதைத்தான் எழுதுறன்.

பரந்தனிலயிருந்து ஒரு தம்பி: அண்ணை, என்னட்ட அரை இஞ்சி செட் முழுசா இருக்கு. எல்லாத்தையும் அதால கழட்டலாம்தானே, பிறகென்னத்துக்கு சின்னதுக்குக் காசு செலவழிக்கிறது?

கழட்டலாம் தம்பி, பூட்டேக்கதான் பிழை வரும். கணக்கைப் பாருங்கோ. எஞ்சின் சைட் கவரைப் பிடிக்கிற போல்ட் கூடுதலா எம் 6 (தண்டு 6 எம்எம்), தலை 8 இல்லாட்டி 10 எம்எம் சொக்கட்டுக்கு வரும். அதுக்கு வேண்டிய இறுக்கம் 10 நியூட்டன் மீற்றர் அளவுதான். அரை இஞ்சி ரச்சட்டின்ர கைபிடி 25 சென்ரிமீற்றர் எண்டு வைச்சா நுனியில 4 கிலோ பாரம் குடுத்தாலே காணும். 4 கிலோ எண்டது கையைச் சும்மா வைச்சு அமத்தினாலே வாறது, நெல்லு மூட்டை தூக்கிப் பழகின கைக்கு அது தெரியவே தெரியாது, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் எண்டு இழுக்க அலுமினியத்துக்குள்ள இருக்கிற மரை உரிஞ்சுபோடும். கால் இஞ்சி ரச்சட் 12, 13 சென்ரிமீற்றர்தான் இருக்கும், அதே இறுக்கத்துக்கு 8 கிலோ குடுக்கவேணும், அந்த 8 கிலோ விரலுக்குத் தெரியும்.

நான் வேலை பழகின காலத்தில ஒரு ஓட்டோவுக்குக் கிளச் கவர் பூட்டினன், கடைசி போல்ட் அரை இஞ்சியால. இறுகிக்கொண்டு வந்தது, வந்து பிறகு ஈர மண்ணுக்குள்ள தடி இறங்கின மாதிரி லேசாப் போச்சு. வெளியில எடுத்துப் பாத்தா போல்ட்டின்ர மரை முழுக்க வெள்ளிக்கம்பி சுத்தினமாதிரி அலுமினியம். லேத் கடைக்குக் கொண்டுபோய் ஓட்டையைப் பெருப்பிச்சு மரை வெட்டி ஹெலிகொயில் (மரைக்குப் பதிலா வைக்கிற சுருள் கம்பி) போட்டு எடுக்க ரெண்டு நாள், அந்த மனுசனுக்கு ரெண்டு நாளும் ஹயர் இல்லை. அவர் என்னை ஒண்டும் பேசேல்லை, அது இப்பவும் எனக்கு மனசுக்க கிடக்கு.

இன்னொண்டு, போல்ட்டை முதல் விரலாலதான் கொழுவவேணும். இடது பக்கம் மெல்லமாத் திருப்புங்கோ, மரையும் மரையும் சந்திக்கிற இடத்தில டிக் எண்டு ஒரு சின்ன விழுகை தெரியும், அதுக்குப் பிறகு வலது பக்கம் சுத்துங்கோ. நாலைஞ்சு சுத்து விரலால போனபிறகுதான் ரச்சட்.

கனகராயன்குளத்திலயிருந்து: 72 பல்லு எண்டு போட்டிருக்கிறதுக்கு விலை கூடச் சொல்லுறாங்கள். 24 பல்லு காணாதா?

வெளி இடத்தில வேலை எண்டா தாராளமாக் காணும். 360 பாகையை 24ஆல பிரிச்சா 15, அதாவது ஒரு பல்லு விழ கைபிடியை 15 பாகை ஆட்டவேணும். 72 பல்லு எண்டா 5 பாகை. 12 சென்ரிமீற்றர் கைபிடியில இது நுனியில 3 சென்ரிமீற்றருக்கும் 1 சென்ரிமீற்றருக்கும் உள்ள வித்தியாசம். மோட்டச்சைக்கிளில காபிரேற்றருக்குப் பின்னுக்கு, ஓட்டோவில சீற்றுக்குக் கீழ கையை விட்டுப் பாருங்கோ, 3 சென்ரிமீற்றர் ஆட்ட இடம் இராது, 1 சென்ரிமீற்றர் இருக்கும். அந்த இடத்தில ஸ்பனர் போட்டா ஒவ்வொருக்காலும் கழட்டித் திருப்பிக் கொழுவவேணும், அரை மணித்தியால வேலை அஞ்சு நிமிசத்தில முடியிறது இதாலதான்.

சின்னப் பல்லு எண்டா ஊத்தைக்குப் பொறுக்காது. எங்கட செம்மண் தூசி தலைக்குள்ள போனா பல்லு பிடிக்காம நழுவும், நழுவினா முழங்கை போய் எங்கயாவது அடிபடும். மண்ணெண்ணெயில கழுவிக் காயவிட்டு மெல்லிய எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்கோ. வீல் பெயறிங்குக்குப் போடுற தடிச்ச கிறீசை உள்ளுக்கு அடைக்கவேண்டாம், உள்ளுக்கு இருக்கிற நாக்கு பல்லில வந்து விழாது.

விசுவமடுவிலயிருந்து: லாண்ட்மாஸ்ரர் சில்லு நட்டு இறுகிப்போச்சு. சின்ன ரச்சட்டுக்கு பைப் போட்டு இழுக்கலாமோ?

வேண்டாம். பல்லு உடையும், நட்டு அசையாது. அரை இஞ்சி பவர் பாரால (பல்லுச் சில்லு இல்லாத நீட்டுக் கைபிடி) உதறி விடுங்கோ, விட்டபிறகு வேணுமெண்டா ரச்சட்டால சுத்தி எடுங்கோ.

ஒட்டுசுட்டானிலயிருந்து ஒரு ஐயா: என்ர பழைய மெசி 135 உழவு மெசினுக்கு மகன் புது சொக்கட் செட் வாங்கித் தந்தவன், ஒண்டும் வடிவாப் பிடிக்குதில்லை. சாமான் பிழையோ?

சாமான் பிழையில்லை ஐயா, அளவுதான் வேற. இங்கிலாந்தில செய்த அந்த மெசியளில கூடுதலா இஞ்சி போல்ட், மகன் வாங்கினது எம்எம் செட். தண்டு கால் இஞ்சி எண்டா தலை 7/16 இஞ்சி, அது 11.1 எம்எம். தண்டு 5/16 எண்டா தலை அரை இஞ்சி, 12.7 எம்எம். மூண்டு நூல் தண்டுக்கு 9/16 தலை, 14.3 எம்எம். உங்கட 13 சொக்கட் அரை இஞ்சித் தலையில ஏறும், ஆனா ஆடும், இறுகின நட்டெண்டா மூலையை உருட்டிப்போடும். 9/16க்கு 14 ஏறவே ஏறாது, 15 சும்மா சுத்தும். 19 மட்டும் முக்கால் இஞ்சிக்கு நல்லாச் சரிவரும், 8 சொக்கட்டும் 5/16 தலைக்கு அப்பிடித்தான். இஞ்சி சொக்கட்டில இந்த மூண்டையும், 7/16, 1/2, 9/16, மூண்டு நூல் ரச்சட்டுக்கு வாங்கித் தரச்சொல்லுங்கோ, மெசியில சின்ன வேலையள் முக்காவாசி அதால முடியும். உள்ளுக்கு 12 மூலை உள்ளதைவிட 6 மூலை சொக்கட் நல்லம், அது தலையின்ர தட்டையான பக்கத்தைப் பிடிக்கும், பழைய தேஞ்ச நட்டுக்கு அதுதான் வேணும்.

அலம்பிலிலயிருந்து கடல் தொழில் செய்யிற ஒரு அண்ணை: வள்ளத்தின்ர பின்பக்கம் பூட்டுற அவுட்போட் எஞ்சினில போல்ட் கழட்டேக்க முறியுது. ரெண்டு முறிஞ்சிட்டுது.

ஸ்ரெயின்லஸ் போல்ட் அலுமினியத்துக்குள்ள இருக்கு, இடையில உப்புத்தண்ணி, அதுதான் காரணம். அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பவுடராகி மரையை நெரிச்சுப் பிடிக்குது. அதைப் பெலத்தால வெல்ல ஏலாது. துரு இளக்கிற எண்ணெயை அடிச்சு ஒரு இரவு விடுங்கோ, அடுத்தநாள் பெற்றோல் ராங்கையும் குழாயையும் தூரக் கொண்டுபோய் வைச்சிட்டு அலுமினியப் பக்கத்தைச் சூடாக்குங்கோ, அது போல்ட்டைவிடக் கூட விரியும். பிறகு மூண்டு நூல் ரச்சட்டை எடுத்து கால் சுத்து இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம், திரும்ப இடது. போல்ட் விடேக்க கிறீச் எண்டு ஒரு சத்தத்தோட விடும். முறியப்போற போல்ட் சத்தம் போடாது, ரப்பர் மாதிரி இழுபட்டு கையைத் திருப்பித் தள்ளும், அப்பிடித் தெரிஞ்சா உடன நிப்பாட்டித் திரும்பச் சூடாக்குங்கோ. நீட்டுக் கைபிடியில இந்த வித்தியாசம் கைக்கு வராது, அதாலதான் சின்னதை எடுக்கச் சொல்லுறன். பூட்டேக்க மரைக்கு மரீன் கிறீஸ் பூசாமப் பூட்டவேண்டாம், தொழிலால வந்த உடன எஞ்சினையும் உங்கட ரச்சட், ஸ்பனர் சாமானுகளையும் நல்ல தண்ணியில கழுவுங்கோ.

மாங்குளத்திலயிருந்து ஒரு தங்கச்சி: வீட்டில தோட்டத்துக்கு ஹொண்டா தண்ணிப் பம் ஒண்டும் ஒரு மோட்டச்சைக்கிளும்தான். பிளக் கழட்டக்கூட ஆளைக் கூப்பிடவேண்டிக் கிடக்கு. குறைஞ்சது என்ன வாங்கலாம்?

தங்கச்சி, பெரிய பெட்டி செட் வேண்டாம். மூண்டு நூல் ரச்சட் ஒண்டு, 15 சென்ரிமீற்றர் எக்ஸ்ரென்சன் (ரச்சட்டுக்கும் சொக்கட்டுக்கும் நடுவில கொழுவுற தண்டு) ஒண்டு, சொக்கட் 8, 10, 12, 13, 14, பிளக் சொக்கட் ரெண்டு. ஜப்பான் சாமானில எம் 8 போல்ட்டுக்குத் தலை 12, மற்றதுகளில 13, அதால ரெண்டும் வேணும். உங்கட பம்முக்கு பிளக் சொக்கட் 21, சின்ன மோட்டச்சைக்கிளுக்குக் கூடுதலா 16, வாங்கமுதல் பிளக்கில வைச்சுப் பாத்து வாங்குங்கோ. காசு மிஞ்சினா பிறகு கால் இஞ்சி ரச்சட்.

சண்டை நேரம் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில இஞ்ச மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினதை அப்பாவைக் கேட்டா சொல்லுவார், பிளக் கரிபிடிச்சு வழியில நிண்டு நிண்டு கழட்டித் துடைக்கிறது, சின்னப் பெடியளுக்கும் அந்த வேலை தெரியும். நீங்களும் ஒருநாளில பழகுவீங்கள்.

எஞ்சின் ஆறின பிறகு கழட்டுங்கோ. பூட்டேக்க ரச்சட்டைக் கழட்டி வைச்சிட்டு எக்ஸ்ரென்சனை மட்டும் விரலால சுத்துங்கோ, பிழையான மரையில ஏறினா ரெண்டு சுத்தில இறுகும், உடன நிப்பாட்டலாம். பிளக் அடியில முட்டினபிறகு ரச்சட்டைக் கொழுவி, புதுப் பிளக் எண்டா அரைச் சுத்து, பழசு எண்டா கால் சுத்துக்கு மேல போகவேண்டாம். பிளக் நுனியில பொறி பாயிற இடைவெளி பம்முக்கு 0.7 தொடக்கம் 0.8 எம்எம். முதல் தரம் கழட்டேக்க பிளக்கின்ர நுனியை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, நிறத்தைப் பாத்து எஞ்சின் எப்பிடி எண்டு சொல்லுறன்.