லாரி வேலைநிறுத்தம்: முதலில் புரோக்கரைக் கவனியுங்கள்

கேள்வி: ஆத்தங்குடிக்கு அருகே தரைக்கல் பட்டறை நடத்துகிறேன். சென்னை, பெங்களூரு, புனே என்று மாதம் ஐந்தாறு லோடு போகிறது. 2018 ஜூலையில் லாரி ஓடாமல் எட்டு நாள் கல் பட்டறையிலேயே கிடந்தது. 2023 டிசம்பர் 26 அன்று புரோக்கர் ஒரு வண்டி எண் கொடுத்தார். சரக்கு கொண்டு போக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் போட்டுவிட்டேன். அந்த வண்டி வரவில்லை. 28-ஆம் தேதி வேறு வண்டி வந்து புனேக்குப் புறப்பட்டது. ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் அது சாத்தாராவுக்கு அருகே நின்றுவிட்டது. 3-ஆம் தேதி சோதனையில் பில் காலாவதி என்று அபராதம் போட்டார்கள். சொந்தமாக ஒரு சிறிய லாரியும் ஓட்டுநர் ஒருவரும் உண்டு. அடுத்த முறைக்கு எப்படித் தயாராவது? வேலைநிறுத்தம் வராமல் தடுக்க நம்மால் ஏதாவது முடியுமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே வகை அல்ல. 2018 ஜூலை 20 முதல் 27 வரை வண்டிகளை நிறுத்தியவர்கள் உரிமையாளர்கள். டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றை எதிர்த்து அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ் என்ற லாரி உரிமையாளர் கூட்டமைப்பு முன்கூட்டியே தேதி அறிவித்து நடத்தியது. 2024 ஜனவரியில் நிறுத்தியவர்கள் ஓட்டுநர்கள். அலட்சியமாக ஓட்டி ஒருவர் சாகும்படி விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்ற, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு அவர்களை வீதிக்கு இழுத்தது. பல ஊர்களில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்ட பிறகுதான் சரக்கு அனுப்பியவர்களுக்கே விஷயம் தெரிந்தது. ஜனவரி 2 இரவு அரசு பேச்சு நடத்தியதும் அடங்கியது. 2024 ஜூலை 1 அன்று சட்டத்தின் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஒரு ஓட்டுநரின் வாழ்நாளையே பாதிக்கும் பிரிவை அவர்களிடம் கேட்காமல் எழுதிவிட்டு, வண்டிகள் நின்ற பிறகு பேச்சுக்கு அழைப்பது என்ன நிர்வாகம்? இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உரிமையாளர்கள் நிறுத்துவதாக இருந்தால் நாமக்கல் பக்கம் பேச்சு எழும்போதே தெரிந்துவிடும். உங்களுக்குச் சில நாளாவது கிடைக்கும். ஓட்டுநர்கள் நிறுத்தினால் கிடைக்காது. ஆகவே, வழியில் இருக்கும் லோடுக்கு என்ன ஆகும் என்பதை அது புறப்படுவதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

இப்போது உங்கள் அபராதத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் வேலைநிறுத்தம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். டிசம்பர் 26 அன்று வராத வண்டியின் எண்ணை எழுதியதுதான் காரணம். இ-வே பில்லில் சரக்கு விவரம் ‘ஏ’ பகுதி, வண்டி விவரம் ‘பி’ பகுதி. ‘பி’ பகுதியில் முதன்முதலாக வண்டி எண்ணை ஏற்றும் நேரத்திலிருந்து நாள் ஓட ஆரம்பிக்கிறது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. புனே 1,200-க்கு மேல், எனவே ஏழு நாள். முதல் நாள் மறுநாள் நள்ளிரவில் முடியும் என்பதால், 26-ஆம் தேதி போட்ட பில் ஜனவரி 2 நள்ளிரவில் முடிந்துவிட்டது. பிறகு நீங்கள் வேறு வண்டி எண்ணை மாற்றியதால் நாள் கூடாது. பழைய கணக்கே தொடரும். 28-ஆம் தேதி வண்டி பட்டறை வாசலில் நின்ற பிறகு எழுதியிருந்தால் ஜனவரி 4 நள்ளிரவு வரை தாங்கியிருக்கும், அபராதம் வந்திருக்காது. வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்பது ஒரு சிறு பட்டறையின் ஒரு மாத லாபத்தைத் தின்றுவிடும்.

காலாவதிக்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம் நீட்டிக்க வழி உண்டு. பில் நள்ளிரவில் முடிவதால், மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் டிரான்ஸ்போர்ட்டரின் எண்ணைப் போட்டிருந்தால் அவர்தான் நீட்டிக்க முடியும். போடவில்லை என்றால் நீங்கள் செய்யலாம். தாபாவில் நிறுத்திவிட்டு அசந்து தூங்கும் ஓட்டுநருக்கு இது எப்படித் தெரியும்? 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள், மகிழ்ந்தோம். அந்தச் சாவடி இப்போது நள்ளிரவில் கைபேசிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நாடு முழுவதும் வண்டி நிற்பது அரசுக்குத் தெரியும்போது, அந்த நாட்களுக்கு எல்லாப் பில்லையும் தானாக நீட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இதில் உங்களுக்கு உதவும் ஒரு விலக்கு இருக்கிறது. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் விரித்துச் சொல்கிறேன். உங்கள் பட்டறையிலிருந்து டிரான்ஸ்போர்ட்டரின் கிடங்கு 50 கிலோமீட்டருக்குள், இதே மாநிலத்துக்குள் இருந்தால், அதுவரை கொண்டு போக ‘பி’ பகுதி தேவையில்லை. ‘ஏ’ பகுதி போதும். உங்கள் சிறிய லாரியில் கல்லைக் காரைக்குடியில் உள்ள கிடங்கில் இறக்கிவிடலாம். நாள் ஓடத் தொடங்காது. பெரிய லாரி கிளம்பும்போது டிரான்ஸ்போர்ட்டர் ‘பி’ பகுதியை எழுதுவார். அன்றுதான் கணக்கு ஆரம்பம். ஆனால் கவனியுங்கள். சரக்கு போகும் இடம் டிரான்ஸ்போர்ட்டரின் இடமாக இருக்க வேண்டும். வாங்குபவரின் வீடு 20 கிலோமீட்டரில் இருக்கிறது, அதற்கும் இந்த விலக்கு உண்டு என்று நினைக்காதீர்கள். புரோக்கரின் நண்பர் வீட்டுக் கொட்டகையும் டிரான்ஸ்போர்ட்டர் கிடங்கு ஆகாது. ‘ஏ’ பகுதியை மட்டும் போட்டு வைத்தால் 15 நாளில் அது செல்லாமல் போகும். அதற்குள் வண்டி ஏற்றிவிட வேண்டும். வேலைநிறுத்தப் பேச்சு எழுந்தவுடன் சரக்கைக் கிடங்குக்கு நகர்த்தி வைத்தால், வண்டி ஓடத் தொடங்கும் முதல் நாளே உங்கள் லோடு வரிசையில் முன்னால் நிற்கும்.

அடுத்தது புரோக்கர்கள். நேர்மையாகப் பிழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி நிற்கும் வாரத்தில் முளைப்பவர்கள் வேறு ரகம். “என்னிடம் ஓடுகிற வண்டி இருக்கிறது, இரட்டை வாடகை, பாதியை இப்போதே அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் ஒரு குரல் கேட்கும். பணம் போய்ச் சேர்ந்ததும் குரல் நின்றுவிடும். அல்லது வண்டி வரும், கண்ணாடியில் ‘மருந்து’ என்று ஒட்டியிருக்கும். பால், மருந்து, காய்கறி வண்டிகளைச் சங்கத்தினர் வழக்கமாக விட்டுவிடுவார்கள். உள்ளே தரைக்கல் இருப்பது தெரிந்தால் அடி வாங்குவது ஓட்டுநர். உடைவது உங்கள் கல். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி இப்படி அனுப்பிய லோடில் பாதிதான் கரை சேர்ந்தது. வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள்: காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா? உரிமையாளரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசுங்கள். முன்பணத்தை அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி புக்கிங் ஆபிஸ்காரரும் புரோக்கரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் விசிட்டிங் கார்டை நீட்டுகிறவரிடம் லோடு கொடுக்க வேண்டாம்.

வேலைநிறுத்தம் முடிந்த மறுநாளும் ஒரு பொறி உண்டு. “இரண்டு லோடையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம்” என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஏற்றச் சொன்னவரையும் அந்தச் சட்டம் விடாது.

சரக்கு இருப்பைப் பற்றி: சிமெண்டைக் குவித்து வைக்காதீர்கள், மாதக் கணக்கில் கிடந்தால் வலுக் குறையும். நிறப்பொடியும் கல் வார்க்கும் கண்ணாடியும் கிடக்கலாம். தயாரான கல்லுக்கு ஒன்றும் ஆகாது. 2018 வேலைநிறுத்தம் ஆடியில், 2024-இல் மார்கழியில் வந்தது. ஆவணியிலும் தையிலும் குடிபுக நினைப்பவர்கள் தரை போடும் மாதங்கள் அவைதான். ஆகவே ஆனியிலும் கார்த்திகையிலுமே அந்த லோடுகளை அனுப்பிவிடப் பாருங்கள். ரயிலில் அனுப்பலாமா என்று யோசித்தால், ஏற்றி இறக்கும் ஒவ்வொரு கைமாற்றிலும் கல் விளிம்பு உடையும். ஆர்டர் படிவத்தில், லாரி வேலைநிறுத்த நாட்கள் ஒப்படைப்புக் காலத்தில் சேராது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாமல், வாடகை கூடிவிட்டது என்று நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. சரக்குக் காப்பீட்டில் வேலைநிறுத்தம், கலவரம் என்பதைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். அதுவும் சேதத்துக்குத்தான், தாமதத்துக்கு இல்லை.

தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டீசல் விலைக்காக நாடே நிற்பதை உங்களால் தடுக்க முடியாது. “அந்தப் பட்டறைக்கு லோடா? வேண்டாம்” என்று ஓட்டுநர்கள் ஒதுக்குவதை நிச்சயமாகத் தடுக்கலாம். யாருக்கும் தெரியாமல் வருடம் முழுவதும் நடக்கும் வேலைநிறுத்தம் அதுதான். காலையில் வந்த வண்டியை ஈரக் கல் காயட்டும் என்று மாலை வரை நிறுத்துவது, கழிப்பறைக்குக்கூட வழி காட்டாதது, இறக்கும்போது உடைந்த கல்லுக்கு ஓட்டுநரின் வாடகையில் பிடிப்பது, மீதி வாடகையை மாதக் கணக்கில் இழுப்பது, இவையெல்லாம் அவர்கள் மனதில் நிற்கும். வைக்கோல் வைத்து நிறுத்தி அடுக்குவது உங்கள் ஆட்கள். குழியான சாலை அரசுடையது. உடைசல் மட்டும் ஓட்டுநருடையதா? ஒரே வார்ப்பில் செய்த கல் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி அனுப்புங்கள், நிறமும் ஒத்துப்போகும். ஏற்றும்போது ஓட்டுநரையும் எண்ணச் சொல்லி எல்.ஆரில் (லாரி ரசீதில்) எழுதுங்கள். நான் அறிந்தவரை, 2018-இல் தடை நீங்கிய அன்றே வண்டி கிடைத்தவர்கள் பழைய பாக்கி வைக்காதவர்கள்தான்.

உங்கள் சொந்த ஓட்டுநரை அந்த நாட்களில் வண்டி எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சங்கத்தில் அவருக்கும் உறவுகள் இருக்கும். சம்பளத்தைப் பிடிக்காமல் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வையுங்கள். இந்த வாரமே கணக்கு நோட்டை எடுத்து, எந்தெந்த வண்டிக்கு எவ்வளவு பாக்கி என்று பாருங்கள். புரோக்கர் வழியாக அனுப்பாமல், அந்த உரிமையாளர்களை ஒவ்வொருவராக நீங்களே அழைத்துத் தீர்த்துவிட்டு, அவர்கள் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.